மூன்றாவது தூணும் மூன்று நோமல் ஈசிஜிகளும்

அன்பான புதிய ஈசிஜி பதிவாளர்களுக்கு,

உங்கள் ஒன்றுகூடலுக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். என் முழங்கால் சம்மதிக்கவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். வேலையில் இருந்து இளைப்பாறியவனிடம் எழுதச் சொன்னால் தன் பெருமையைத்தான் எழுதுவான் என்று உங்களில் ஒருவராவது பெருமூச்சு விட்டிருப்பீர்கள். கவலைப்படாதீர்கள், இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

உங்களுக்குப் புதிய மெஷின் வந்திருக்கிறதாம். நெஞ்சில் கம்பிகளைப் பொருத்திவிட்டால் அதுவே கீறி, அதுவே வாசித்து, பேப்பரின் மேல் மூலையில் ‘நோமல்’ என்று அடித்தும் தந்துவிடுமாம். மிக்க சந்தோஷம். சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, வருடாந்த விடுமுறை எல்லாம் வாங்கிக்கொண்டு முப்பத்தொரு வருடச் சேவையில் நான் செய்த பிழையை, அது வெறும் மின்சாரச் செலவிலேயே செய்து முடித்துவிடும்.

நான் வேலை பார்த்தது குடாநாட்டின் ஓர் ஆதார வைத்தியசாலையில். எது என்று கேட்காதீர்கள், அங்கே இப்போதும் நல்ல மனிதர்கள் வேலை செய்கிறார்கள். என் ஈசிஜி அறை ஒரு நீண்ட விறாந்தையின் கடைசியில் இருந்தது. வெளிநோயாளர் பிரிவில் இருந்து வருபவர்கள் ஏழு தூண்களைத் தாண்ட வேண்டும். நெஞ்சு நோவென்று வருபவரை இவ்வளவு தூரம் நடக்கவைத்த அந்தக் கட்டட மேதை யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தன்னை அறியாமலே அங்கே ஒரு நல்ல பரிசோதனைக் கருவியைக் கட்டி வைத்திருந்தார். அதை அங்கே யாரும் பயன்படுத்தவில்லை, நானும்தான்.

நான் பயன்படுத்தியது ஆட்கள் இருக்கும் நீள மர வாங்கு ஒன்றை. அறை வாசலில் கிடந்தது. யார் வந்தாலும் நான் சொல்லும் முதல் வசனம், “பத்து நிமிசம் வாங்கிலை இருங்கோ, களை ஆறட்டும்” என்பதுதான். களைத்து, வியர்த்து, நடுங்கிக்கொண்டு படுப்பவரின் கோடு மயிர் முளைத்த மாதிரி வரும். எனக்கு அது பிடிக்காது. நான் எடுத்த கோடு கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கீறியது போலத் துப்புரவாக இருக்க வேண்டும். டொக்டர்மாரும் சும்மா இருக்கவில்லை. “அண்ணை எடுத்த ஈசிஜி எண்டால் தனி வடிவு” என்று சொல்லிச் சொல்லி என்னைக் கெடுத்துவிட்டார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் மயிர் மட்டுமல்ல, நோயும் கோட்டை விட்டுப் போய்விடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சரியாகச் சொன்னால், ஒருவர் சொன்னார், நான் கேட்கவில்லை. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அவர் பெயரை நடேசு என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். வெங்காயம், மிளகாய், கொஞ்சம் புகையிலை. வயது அறுபதை நெருங்கும். ஊர்க் கோயிலில் வருடாவருடம் சாமி காவுகிறவர். வாகனத்தை வைத்துக் கட்டிய தடியின் முன்பக்கத்தில், வலது தோள் கொடுப்பது அவருடைய இடம். முப்பது வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. அந்த வருடம் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முந்தி, தண்ணீர் இறைக்கும் மெஷினின் கயிற்றை இழுக்கும்போது நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மனைவி கனடாவில் இருக்கும் மகனுக்குச் சொல்ல, மகன் கோயில் தலைவருக்குச் சொல்ல, தலைவர் “ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்தால்தான் தோள் குடுக்கலாம்” என்று சொல்லிவிட்டார். ஆக, அவருக்குத் தேவைப்பட்டது வைத்தியம் அல்ல, கடதாசி. எங்கள் ஊரில் கடதாசிக்குத்தான் முதல் மரியாதை.

முதல் நாள் மனைவியோடு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துவாய். வெளிநோயாளர் பிரிவில் இருந்து அவரைக் கூட்டிவந்தது எங்கள் சிற்றூழியர் ஜெசிந்தா. குருநகர்க்காரி, நாற்பது வயது, வாய் ஓயாது. அவர் சொல்வதில் பாதியைக் கேட்பது, மீதிக்கு “ம்” கொட்டுவது என்று நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன்.

“சேர், உந்த அப்பா மூண்டாவது தூணடியிலை நிண்டு நுளம்பு நோட்டீசை வாசிச்சுப்போட்டுத்தான் வந்தவர். வடிவாய் வாசிச்சவர்” என்றார் ஜெசிந்தா.

“ம்” என்றேன்.

தூணில் டெங்கு நுளம்பைப் பற்றி ஒரு பெரிய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நோட்டீஸ் வாசிக்கும் நோயாளி என்றால் நல்ல பிரஜை என்று எனக்குள் ஒரு மதிப்புக்கூட வந்தது. வாங்கில் இருத்தினேன். மனைவி போத்தலில் இருந்து தண்ணீர் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து எடுத்தேன். அப்படி ஒரு வடிவான கோடு!

“என்ன மாதிரித் தம்பி?” என்று கேட்டார் நடேசு அண்ணை.

சட்டப்படி நான் கோட்டை எடுத்துக் கொடுப்பவன் மட்டும்தான். விளக்கம் சொல்வது டொக்டரின் வேலை. ஆனால் கட்டிலில் படுத்திருந்து அப்படிக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் பதிவாளரை நான் இன்னும் காணவில்லை. “வடிவாய் இருக்கு அண்ணை. நோமல்” என்றேன், அவருடைய இருதயத்தை நானே செய்து கொடுத்தது போல. வெளிநோயாளர் பிரிவில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டரும் பேப்பரைப் பார்த்தார், காஸ் என்றார், வாயுவுக்குக் குளிசை எழுதினார். எங்கள் பக்கத்தில் நெஞ்சு நோவுக்கு முதற்பெயர் காஸ். இரண்டாவது பெயரை மரண அறிவித்தலில்தான் போடுவார்கள்.

நாலு நாள் கழித்து நடேசு அண்ணை திரும்பி வந்தார். கையில் ஒரு கறுத்த மட்டை. முதலில் எக்ஸ்ரே படம் என்று நினைத்தேன்.

“தம்பி, உங்கடை பேப்பர் கறுத்துப்போச்சு” என்றார்.

இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் வீட்டை விட்டுக் கடதாசிப் பையோடு ஓடிப் பழகிய சனம் நாங்கள். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை எல்லாவற்றையும் லமினேற் செய்து வைத்தால்தான் எங்களுக்கு நித்திரை வரும். நடேசு அண்ணையும் தன் நோமலைப் பத்திரப்படுத்த நினைத்து, சந்தியில் இருந்த போட்டோக்கொப்பிக் கடையில் லமினேற் பண்ணக் கொடுத்திருக்கிறார். ஈசிஜி பேப்பர் சூடு பட்டால் கறுக்கும் சாதி. கோடு கீறுவதே அந்தச் சூட்டால்தான். லமினேற் மெஷின் முழுப் பேப்பரையும் ஒரே சூட்டில் வறுத்து எடுத்துவிட்டது. கோடும் இல்லை, கட்டமும் இல்லை, பெயரும் இல்லை. ஒரு கறுப்புச் சதுரம், நாலு பக்கமும் பளபளப்பான பிளாஸ்டிக் கரை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். “கோயில் தலைவர் இதைப் பாத்திட்டு, இதென்ன அமாவாசையோ எண்டு கேக்கிறார்” என்றார். கொடியேறி இரண்டு நாள் ஆகியிருந்தது. தோள் கொடுக்க விடாமல் ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது பெரிய அவமானம்.

“ஜெசிந்தா, இவரை வாங்கிலை இருத்துங்கோ” என்றேன்.

“இண்டைக்கும் நோட்டீஸ் வாசிச்சவர் சேர்” என்றார் ஜெசிந்தா. “இப்பிடியே போனால் நுளம்புக்கே வகுப்பெடுப்பார்.”

“ம்” என்றேன்.

பத்து நிமிடம். தண்ணீர். வடிவான கோடு. நோமல். இந்த முறை டொக்டரிடம்கூட அவர் போகவில்லை. “லமினேற் பண்ணிப்போடாதேங்கோ” என்று நான் சொன்ன புத்திமதிதான் அன்றைக்கு அந்த மனிதருக்கு எங்கள் வைத்தியசாலை கொடுத்த முழு வைத்தியம். அன்று பின்னேரமே அவர் தோள் கொடுத்தார். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் கொடுத்தார். என் பேப்பர் அவருடைய மடிக்குள் இருந்தது.

மூன்றாவது தரம் வந்தது எட்டாம் திருவிழா அன்று காலை. எட்டாம் திருவிழா என்றால் வேட்டை. சாமி குதிரை வாகனத்தில் வெளி வீதி தாண்டி, ஒழுங்கைகளால் வேட்டைக்குப் போகும். அளவெட்டியில் இருந்து வந்த மேளக்காரர் துரிதத்தில் வாசிக்க, காவுகிறவர்கள் குதிரையோடு ஓட வேண்டும். முன்தடியில் நிற்பவருக்குத்தான் பாரம் கூட. முந்தின நாள் சாமியை இறக்கி வைத்ததும் நடேசு அண்ணை கேணிப் படிக்கட்டில் குந்திவிட்டாராம். மனைவி பிடித்துக்கொண்டார். “புதுசாய் ஒண்டு எடுத்துக்கொண்டு வந்தால்தான் உங்களைப் படலை தாண்ட விடுவன்” என்று கூட்டிவந்துவிட்டார்.

அன்று சனக்கூட்டம் குறைவு. பத்து நிமிடம் இருத்தி, கட்டிலில் படுக்கவைத்து எடுத்தேன். மூன்றாவது நோமல். பேப்பரைக் கிழித்துக் கையில் எடுத்தபோது ஜெசிந்தா வாசலில் நின்றார். வழக்கமான சிரிப்பு முகத்தில் இல்லை.

“சேர், அவர் இண்டைக்கு இரண்டாம் தூணிலையே நிண்டவர்.”

“அங்கையும் நோட்டீஸ் ஒட்டியிருக்கோ?”

“இல்லை சேர். அங்கை வெறும் தூண்தான். அதுதான் சொல்லுறன். மற்றது...” கொஞ்சம் தயங்கினார். “மூண்டாம் தூணிலை இருக்கிற நோட்டீஸ் சிங்களத்திலை எல்லோ கிடக்கு?”

நான் அந்த விறாந்தையால் ஒரு நாளைக்கு எட்டுத் தரமாவது போய் வருகிறேன். அந்த நோட்டீசைக் கண்டிருக்கிறேன். பெரிய நுளம்பு, கீழே பந்தி பந்தியாக எழுத்து. கொழும்பில் இருந்து வரும் நோட்டீஸ்கள் தமிழில் வர ஆறு மாதம் பிந்தும், சிலவேளை வராமலே விடும். அது எந்த மொழி என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கோட்டில் அரை மில்லிமீற்றர் ஏற்றத்தைக் கண்டுபிடிக்கிற கண் இது!

“அண்ணை, உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“எனக்கெங்கை தம்பி சிங்களம்? ஏன் கேக்கிறியள்?”

“அப்ப தூணடியிலை நிண்டு என்ன செய்யிறனீங்கள்?”

அவர் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு துவாயால் முகத்தைத் துடைத்தார். “சும்மா நிக்கிறனான். கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், நிண்டால் விட்டிடும். சும்மா நிண்டால் ஆக்கள் என்ன ஏதெண்டு கேப்பினம். வாசிக்கிற மாதிரி நிண்டால் ஒருத்தரும் கேளாயினம்.”

அவர் மனைவி தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது கேளுங்கள், தம்பி தங்கைகளே. என் கையில் நோமல் பேப்பர். அதைக் கொடுத்தால் மனிதர் பின்னேரம் குதிரையோடு ஓடுவார். மெஷின் பழுது, பேப்பர் இல்லை என்று பொய் சொல்லலாம். சத்தியமாக அந்தப் பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மடிக்குள் பழைய நோமல் ஒன்று இருக்கிறதே. அதுவும் நான் எடுத்ததுதான்.

பேப்பரை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன, வயதில் சின்னப் பிள்ளை. மேசைக்கு முன்னால் வரிசை.

“டொக்டர், இந்த ஈசிஜி நோமல். அதாலைதான் வந்தனான்” என்றேன்.

“நோமலெண்டால் ஏன் அண்ணை ஓடி வாறியள்?”

தூண், நோட்டீஸ், சிங்களம் எல்லாம் சொன்னேன். “ஒருக்கால் விறாந்தையிலை நடக்கவிட்டுப் பாருங்கோ டொக்டர்” என்று ஒரு கெட்டித்தனமான யோசனையும் சொன்னேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. “இப்பிடி இருக்கிற மனுசனை நடக்கவிட்டுப் பாக்கிறதோ? வீல்செயாரைக் கொண்டுவரச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு, வரிசையை அப்படியே விட்டு எழும்பி வந்தார்.

அவர் என் பேப்பரை இரண்டு வினாடிதான் பார்த்தார். நடேசு அண்ணையோடு ஐந்து நிமிடம் கதைத்தார். என்ன செய்யும்போது பிடிக்கிறது, நின்றால் எவ்வளவு நேரத்தில் விடுகிறது, போன மாதம் எப்படி, இந்தக் கிழமை எப்படி. போன மாதம் மெஷின் கயிறு இழுத்தால் மட்டும் பிடித்ததாம். இந்தக் கிழமை கிணற்றடிக்குப் போனாலே பிடிக்கிறதாம். இன்று காலை முகம் கழுவும்போதும் பிடித்ததாம். எங்கள் மெஷின் மூன்று தரமும் கேட்காத கேள்விகள் இவை.

“ஐயா, நீங்கள் வார்ட்டிலை நிக்க வேணும்” என்றார் டொக்டர்.

“ஐயோ டொக்டர் பிள்ளை, இண்டைக்கு வேட்டை. நாளைக்கு வாறன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பேப்பர் நோமலோ இல்லையோ?”

“பேப்பர் நோமல்தான் அண்ணை. நீங்கள்தான் நோமல் இல்லை.”

“உதென்ன கதை? நீங்கள்தானே வடிவாய் இருக்கெண்டு சொன்னனீங்கள்?”

அதற்குள் அவர் மனைவி, நான் மேசையில் வைத்த பேப்பரைப் போனில் படம் பிடித்து மகனுக்கு அனுப்பிவிட்டார். அங்கே நடுச்சாமம். மகன் எழும்பி, யாரோ தெரிந்த டொக்டருக்கு அனுப்பி, ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. போனை உரத்துப் போட்டார்கள். “அம்மா, ஈசிஜி நோமலாம். பயப்பிட ஒண்டும் இல்லையாம்.” நான் கொடுக்கமாட்டேன் என்று வைத்திருந்த அனுமதிச் சீட்டு கனடா வரை போய், முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. வெளிநாட்டு முத்திரை வேறு. இனி யார் மறுக்க முடியும்?

நடேசு அண்ணை கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினார். டொக்டர் கெஞ்சினார். மிரட்டிப் பார்த்தார். சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தார். உடனே வைக்கிறேன் என்றார் அவர். இரண்டு தரம் வடிவாக இருக்கிறது என்று சொன்ன என் வாய்க்கு அந்த இடத்தில் என்ன மதிப்பு?

ஜெசிந்தா வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் நிறுத்தினார்.

“போங்கோ அப்பா. ஆர் மறிச்சது?” என்றார். “ஆனால் ஓடேக்கை உங்களுக்கு அந்த இறுக்கம் வந்தால், அங்கை நிண்டு வாசிக்க நோட்டீஸ் இல்லை. முன்தடி உங்கடை தோளிலை. நீங்கள் விழுந்தால் சாமியும் எல்லோ விழும்?”

நடேசு அண்ணை ஒரு செருப்பை மாட்டியிருந்தார், மற்றது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. தான் செத்துப்போவதைப் பற்றி டொக்டர் பத்து நிமிடம் சொன்னதை ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டவர், இதைக் கேட்டதும் வலது தோளை இடது கையால் மெல்லத் தடவினார். பிறகு வீல்செயாரில் இருந்தார். “சின்னவனை என்ரை இடத்திலை நிக்கச் சொல்லு” என்று மனைவியிடம் சொன்னார். சின்னவன் அவருடைய தம்பி.

பின்னேரம் நாலரைக்கு வார்ட்டில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நடேசு அண்ணை வியர்வையில் குளித்திருந்தார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யாரென்று மட்டுக்கட்டவில்லை. வாங்கு, பத்து நிமிடம், தண்ணீர் ஒன்றும் இல்லை. என் வாழ்நாளில் எடுத்த மிக அசிங்கமான கோடு அது. மயிர் முளைத்து, ஆடி, நடுங்கி. அதற்குள்ளே, இரத்தம் கிடைக்காத தசையின் அடையாளமாக, முதுகு போல வளைந்து மேலே மேலே ஏறி நிற்கும் கோடு. மாரடைப்பு. கடைசியில் மெஷின் உண்மையைச் சொல்லிவிட்டது. வார்ட்டில் தேத்தண்ணி ஊற்றும் பொம்பிளைக்குக்கூடத் தெரிந்த பிறகு சொன்னது.

அந்த நேரம் அவர் கையில் ஊசி ஏற்றியாயிற்று, மூக்கில் ஒட்சிசன், வாசலில் அம்புலன்ஸ். பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களும் அடைத்திருந்தனவாம். இரண்டு மாதத்துக்குப் பிறகு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் தப்பினார். ஆனால் அன்று நாலரை மணிக்குச் செத்த தசை செத்ததுதான். அது திரும்பி வராது. இருதயம் முன்னைப்போல இறைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இதை நான் மழுப்பாமல் சொல்ல வேண்டும். முதல் நாளே அனுப்பியிருந்தால் அந்தத் தசை இருந்திருக்கும். என் இரண்டு வடிவான பேப்பர்களை நம்பி அந்த மனிதர் ஐந்து திருவிழா சாமி காவினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கனநாள் இருந்தது. இப்போதும் இதை எழுதும்போது இருக்கிறது.

அடைத்த குழாய் ஏன் கோட்டில் தெரியவில்லை என்று கேட்பீர்கள். இதைத் தெளிவாகச் சொன்னவர் நடேசு அண்ணையேதான். அந்த டொக்டர் பிள்ளை விளங்கப்படுத்தியதைத் தன் தோட்டத்துக் கணக்கில் போட்டுச் சொன்னார். “பைப் பாதி அடைச்சிருந்தாலும் மாரியிலை வெங்காயம் பச்சையாய்த்தான் தம்பி நிக்கும். வெய்யில் ஏறித் தண்ணி கூடத் தேவைப்படேக்கைதான் வாடும். நீங்கள் என்னை நிழலிலை இருத்தி, தண்ணி பருக்கிப்போட்டு எல்லோ இலையைப் பாத்தனீங்கள்?” முப்பது வருடத்தில் நான் போன ஒரு கருத்தரங்கிலும் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அங்கே மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.

இதைச் சொன்னது சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிளினிக்குக்கு வந்த நாளில். ஜெசிந்தாவுக்கு ஒரு பெரிய பிடி வெங்காயமும் கோயில் பிரசாதமும் கொண்டுவந்திருந்தார். ஜெசிந்தா சிலுவைக் குறி போட்டுவிட்டுப் பஞ்சாமிர்தத்தை அங்கேயே சாப்பிட்டார். அண்ணை எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார். அந்தக் கறுத்த மட்டை.

“உங்கடை பேப்பர். நீங்களே வைச்சிருங்கோ” என்றார். கோபமாகச் சொன்னாரா, பகிடியாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாங்கிக்கொண்டேன். அதை அறைச் சுவரில் மாட்டினேன். அவருக்கு நான் எடுத்துக் கொடுத்த மூன்று நோமல்களிலும் நேர்மையானது அது ஒன்றுதான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அது பச்சையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு ஜெசிந்தாவிடம் கேட்டேன். “ஏன் பிள்ளை, இந்தத் தூணடிக் கதையை எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?”

“முதல் நாளே சொன்னனான் சேர்” என்றார், வெங்காயத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு. “நீங்கள் ‘ம்’ எண்டனீங்கள்.”

அன்றில் இருந்து வாங்கை எடுத்து மருந்துக் களஞ்சியத்தில் போட்டேன். நெஞ்சு நோவோடு வருபவருக்கு வந்த கையோடு கோடு எடுத்தேன், மயிர் முளைத்தால் முளைக்கட்டும் என்று. ஒவ்வொரு பேப்பரின் மேலும் ‘நோவு இருக்கும்போது எடுத்தது’, ‘நோவு இல்லாதபோது எடுத்தது’ என்று கையால் எழுதினேன். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. ஒரு டொக்டர் ‘இதென்ன கதை எழுதுறியள்’ என்றுகூடக் கேட்டார். ஓம் டொக்டர், இருக்கிறதிலேயே முக்கியமான கதை அதுதான் என்றேன். உங்கள் புதிய மெஷின் நோமல் என்று அடித்துத் தரட்டும். அதன் பக்கத்தில் இந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். விறாந்தையில் யாரையும் நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள், அது என் கெட்டித்தனம். நடந்து வந்தவரைக் கூட்டிவந்தவரிடம் கேளுங்கள், அது போதும்.

நான் இளைப்பாறிய கிழமை நடேசு அண்ணை கடைசி முறையாக என்னிடம் ஈசிஜி எடுக்க வந்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாம் தூண், இரண்டாம் தூண். மூன்றாம் தூணில் நின்றுவிட்டார். பக்கத்தில் மனைவி. நான் நடந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். தூணில் அதே நுளம்பு, புது நோட்டீஸ். ஒருவழியாகத் தமிழில் வந்திருந்தது.

“இறுக்கிப் பிடிக்குதோ அண்ணை?”

“இல்லைத் தம்பி, வாசிக்கிறன். இப்ப தமிழிலை எல்லோ கிடக்கு” என்றார்.

அவருடைய கண்ணைப் பார்த்தேன். எழுத்தில் ஓடவில்லை. இடது கை தூணைப் பிடித்திருந்தது. மூச்சு மேல் மூச்சு வாங்கியது. கூப்பிடாமலே ஜெசிந்தா வீல்செயாரோடு வந்துவிட்டார். அது வந்து சேரும் வரை நானும் அவரோடு நின்று அந்த நோட்டீசை முதல் வரியில் இருந்து வாசித்தேன்.